பதினைந்தாயிரம் ரூபாய் மெயிலும் ஓசி மெயிலும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

1999ல் திருநெல்வேலியிலிருந்து பெங்களூர் வந்து சேர்ந்தபோது, மேலாளரின் விசிட்டிங் கார்டில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு 'ஜியாஸ்பிஜி01' என்று ஒரு வால் உண்டு. விஎஸ்என்எல் முகவரி. 'பிஜி' என்றால் பெங்களூர், மெட்ராஸ்காரர்களுக்கு 'எம்டி'. அந்த வாலுக்குத் தனி கெத்து, ஏன்னா காசு கொடுத்து வாங்கினது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, படம் தெரியும் கணக்குக்கு ரூ.15,000. கருப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடும் ஷெல் கணக்கு ரூ.5,000. மாணவர்களுக்கு ரூ.500. மெயில் அந்த இணைப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. இணைப்பை விட்டால் முகவரியும் காலி.

எனக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமா? ஓசி மெயில்தான்.

1996 ஜூலை 4 அன்று ஹாட்மெயில் வந்தது. ஜாக் ஸ்மித்தோடு சேர்ந்து அதை ஆரம்பித்த சபீர் பாட்டியா நம்ம பெங்களூரில் வளர்ந்தவர். அதே மாசம் இங்கே பிரிகேட் ரோட்டில் முதல் கஃபே காஃபி டே, சைபர் கஃபேயாகவே திறந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவனும் எந்த ஊர்க் கடையில் உட்கார்ந்தும் தன் கடிதத்தைப் படிக்கலாம் என்றானது அப்போதுதான். இன்றைக்கு ஓசி மெயிலைத் திட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சும்மா கொடுப்பார்களா? நாம் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அவர்களுக்கு ஒரு வரி விளம்பரம். ஆக, தபால்காரரும் நாமே, நோட்டீஸ் ஒட்டுகிறவரும் நாமே :-) ஒன்றரை வருஷத்தில், 1997 கடைசியில், மைக்ரோசாஃப்ட் அதைச் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியது.

என் கணக்கு வேறொரு ஓசி சேவையில். ஓய்வுபெற்ற வாத்தியாரான அப்பா, ஊர் பிரவுசிங் சென்டரில் ஒற்றை விரலால் தட்டி, தமிழை ஆங்கில எழுத்தில் அனுப்புவார். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தது. ஹாட்மெயில் 2 எம்பியும் யாஹூ 4 எம்பியும் கொடுத்த காலத்தில் ஒரு ஜிபி! ஏப்ரல் ஃபூல் என்றே நினைத்தோம். அழைப்பு கிடைத்ததும் ஓடிவிட்டேன். சில மாசம் கழித்துப் பழைய பெட்டியைத் திறந்தால் சுத்தமாகக் காலி. பயன்படுத்தாத கணக்காம். அப்பா எழுதின அத்தனையும் போச்சு. அதற்கு முன்னால் அவர் எழுதிய இன்லேண்டு லெட்டர்கள் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அப்பா 2009ல் போய்விட்டார்.

அப்போ காசு கொடுத்திருந்தால்? அப்படியும் சொல்ல முடியவில்லை. விஎஸ்என்எல்லே 2002ல் டாடா கைக்குப் போய், 2008ல் பெயரும் மாறிவிட்டது. இன்னொரு பக்கம், விளம்பரத்துக்காக நம் கடிதங்களைத் துழாவும் வழக்கத்தை ஜிமெயில் 2017ல்தான் விடுவதாக அறிவித்தது. சென்னை ஜோஹோ 2008லிருந்து விளம்பரமே இல்லாமல் மெயில் நடத்துகிறது, பெரும்பாலும் சந்தாக் காசில்.

எனக்கு உறைத்தது வேறு. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயில் ஜோஹோவுக்கு மாறியதாக 2025ல் செய்தி வந்தது. பெட்டி இடம் மாறியும் முகவரியின் அரசு வால் மாறவில்லை, ஏன்னா அந்தப் பெயர் அரசுடையது. மேலாளருக்கும் சரி, எனக்கும் சரி, அந்தக் காலத்தில் இல்லாமல் போனது அதுதான். இருவருமே வாடகைக்காரர்கள். அவர் வாடகை கட்டினார், நான் கட்டவில்லை.

போன வருஷம் குடும்பப் பெயரில் ஒரு டொமைன் வாங்கினேன். மெயிலுக்குத் தனியாக ஒரு சின்ன சேவையில் சந்தா. (புதுப்பிக்க மறந்தால் பெயரும் போய்விடும், அதனால் காலண்டரில் சிவப்பு வட்டம்.) மாசத்துக்கு ஒருமுறை எல்லாக் கடிதங்களையும் வட்டில் இறக்கிவைக்கிறேன்.

"சும்மா கிடைக்கிறதுக்கு எதுக்குங்க காசு?" என்கிறாள் வீட்டுக்காரி. டிரங்குப் பெட்டி எங்கே என்று கேட்டேன்.