ஸ்போர்ட்ஸ் கோட்டா: கத்தினவனின் கணக்கு

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, நான் எந்த ஆட்டமும் ஆடினவன் இல்லை. ஸ்கூல் ஓட்டப்பந்தயத்துல கடைசிக்கு முந்தின ஆளா வந்ததுதான் என் வாழ்நாள் சாதனை. (கடைசி ஆள் நடுவுல விழுந்துட்டான் :-)) ஆனா ஓரமா நின்னு கத்தறதுல நான் ஸ்டேட் லெவல். அதனால இது ஆடினவன் எழுதற சரித்திரம் இல்லை, கத்தினவன் எழுதறது.

போன மாசம் ஆபீஸ்ல ஒரு கால். வேலை பேசி முடிச்சப்புறம் அமெரிக்கப் பக்கத்து ஆள் ஒருத்தர் தன்னோட காலேஜ் ஃபுட்பால் டீமைப் பத்தி புலம்ப ஆரம்பிச்சார். பசங்களுக்குக் காசு குடுக்க ஆரம்பிச்சதும் விசுவாசமே போயிடுச்சாம். வருஷத்துக்கு ஒரு காலேஜ் மாறறாங்களாம். நானும் வழக்கம் போல "ஆமா ஆமா"ன்னு வெச்சேன். ஹெட்போனைக் கழட்டினப்புறம்தான் சுவரு ஞாபகம் வந்தான்.

சுவரு எங்க ராணிப்பேட்டைப் பையன். நிஜப் பேர் இங்க வேணாம். வாலிபால்ல நெட் ஓரமா கையைத் தூக்கி நின்னான்னா பந்து இந்தப் பக்கம் வராது, அதனால சுவரு. அவங்க அப்பாவுக்கு சிப்காட்ல தோல் கம்பெனி வேலை, அம்மா ஷூ கம்பெனிக்குப் போவாங்க. பிளஸ் டூ வரைக்கும் அவனும் நானும் ஒரே பெஞ்ச். அவன் கதைக்குப் போறதுக்கு முன்னாடி கொசுவத்தியைக் கொஞ்சம் பெருசா சுத்தணும். 1852 வரைக்கும்.

அங்கேயும் ரயில்

அமெரிக்காவில் ரெண்டு காலேஜ் முதல் முறையா மோதிக்கிட்டது 1852ல். ஹார்வர்டும் யேலும், நியூ ஹாம்ப்ஷயர்ல இருக்கற வின்னிபெசாக்கி ஏரியில் படகுப் போட்டி. செலவு பண்ணினது யார்னு நினைக்கறீங்க? அந்த ஏரிப் பக்கமா தண்டவாளம் போட்டிருந்த ரயில் கம்பெனி. வேடிக்கை பார்க்க ஜனம் வந்தா டிக்கெட் விக்கும் இல்லையா? பசங்களுக்குப் போக வர, தங்க, சாப்பிட எல்லாம் கம்பெனி கணக்கு. ஆக, முதல் போட்டியிலேயே ஆடறவன் ஒருத்தன், சம்பாதிக்கறவன் இன்னொருத்தன்.

அப்புறம் வந்தது 'அமெச்சூர்' என்கிற கொள்கை. காசுக்காக ஆடினா ஆட்டத்தோட புனிதம் போயிடும்னு இங்கிலாந்துக் கனவான்கள் கண்டுபிடிச்சது. கனவானுக்கு நிலம் இருக்கு, வாடகை வரும். ஆடிக்கிட்டே இருக்கலாம். இல்லாதவன் கதி? ஜிம் தோர்ப்னு ஒரு மகா ஆட்டக்காரர், அமெரிக்கப் பழங்குடி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ரெண்டு தங்கம் வாங்கினார். அதுக்கு முன்னாடி சின்ன லீக் ஒண்ணுல கொஞ்சம் காசு வாங்கி பேஸ்பால் ஆடியிருக்கார்னு 1913ல் ரெண்டையும் பிடுங்கிட்டாங்க. திருப்பிக் குடுத்தது 1983ல். மனுஷன் 1953லயே போய்ச் சேர்ந்துட்டார்.

அமெரிக்க காலேஜ் விளையாட்டை நடத்தற என்.சி.ஏ.ஏ. 1906ல் தொடங்கினது. ஆட்டத்துக்காக ஸ்காலர்ஷிப் குடுக்கலாம்னு 1956ல் ஒத்துக்கிட்டாங்க. ஆனா சம்பளம் கூடாது. இங்கதான் ஒரு வார்த்தை விளையாட்டு. 1955ல் கொலராடோவில் ஒரு காலேஜ் ஃபுட்பால் ஆட்டக்காரர் மைதானத்துல அடிபட்டு இறந்துபோனார். அவர் மனைவி, வேலையில் இறந்த தொழிலாளிக்குக் கிடைக்கற நஷ்ட ஈட்டைக் கேட்டாங்க. கோர்ட் இல்லைன்னுடுச்சு. இந்த மாதிரி கேஸ்களைச் சமாளிக்கத்தான் 'ஸ்டூடண்ட்-அத்லெட்'னு ஒரு சொல்லைப் புழக்கத்துல விட்டோம்னு, அப்போ என்.சி.ஏ.ஏ. தலைமையில் இருந்த வால்டர் பையர்ஸே 1995ல் தன் புத்தகத்தில் எழுதியிருக்கார். மாணவன்னா கூலி கிடையாது பாருங்க.

2010ல் கூடைப்பந்துப் போட்டி டி.வி. உரிமையை மட்டும் 14 வருஷத்துக்கு 1,080 கோடி டாலருக்கு வித்தாங்க. 2014ல் அதே போட்டியை ஜெயிச்ச கனெக்டிகட் டீமோட ஷபாஸ் நேப்பியர், சில ராத்திரி பசியோட படுத்திருக்கேன்னு நிருபர்கள்கிட்ட சொன்னார். அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா உடைஞ்சது. 2021 ஜூன்ல அவங்க உச்ச நீதிமன்றம் 9-0ன்னு ஆட்டக்காரங்க பக்கம் தீர்ப்பு சொன்னது. அடுத்த மாசமே, தன் பேரையும் முகத்தையும் வெச்சு ஆட்டக்காரன் விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு ஆச்சு. 2025ல் காலேஜே நேரடியா பங்கு குடுக்கலாம்னு சமரசம், முதல் வருஷ உச்சவரம்பு ஒரு காலேஜுக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். எங்க ஆபீஸ் நண்பர் புலம்பினது இதுக்குத்தான்.

இங்கேயும் ரயில்

நம்ம ஊர்லயும் அதே அமெச்சூர் பிரச்சினை வந்தது. நாம கண்டுபிடிச்ச வழி வேற. ஆடறதுக்குக் காசு தர மாட்டோம், ஆனா கிளார்க் வேலை தர்றோம், சாயங்காலம் ஆடிக்கோ. இதுல முன்னோடி ரயில்வே. விளையாட்டுக்குன்னு 1928லயே சங்கம் வெச்சவங்க. பி.டி. உஷா சதர்ன் ரயில்வே. தோனி கரக்பூர்ல டிக்கெட் பரிசோதகரா நின்னது சினிமா பார்த்த எல்லாருக்கும் தெரியும். கர்ணம் மல்லேஸ்வரிக்கு இந்திய உணவுக் கழகம். ஐ.எம். விஜயனுக்கு கேரளா போலீஸ். நம்ம சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் பேங்க்னு எத்தனை டீம்.

இதைக் கிண்டல் பண்ணறவங்க உண்டு. நான் பண்ண மாட்டேன். அறுபது வயசு வரைக்கும் மாசச் சம்பளம், குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி. ஆட்டத்துக்கான கூலி தவணை முறையில வருது, அவ்வளவுதான். தோல் கம்பெனியில நின்னு உழைக்கற ஒரு வீட்டுக்கு இது எவ்வளவு பெருசுன்னு எங்க பக்கம் வந்து பார்த்தா புரியும்.

கண்ணு முன்னாடி சாட்சியும் இருக்கு. ஹைவேல ஏறினா வேலூருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி சத்துவாச்சாரி. அந்த ஊர் சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவு. ஸ்னாட்ச்ல 149, ஜெர்க்ல 179, மொத்தம் 328 கிலோ. தங்கம்! 2018 கோல்ட் கோஸ்ட்ல 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம். அவருக்கும் வேலை சதர்ன் ரயில்வேயில்தான். 2014ல் நாங்க ராணிப்பேட்டையும் வேலூர் மாவட்டத்துல இருந்த காலம். தங்கம் எங்க மாவட்டத்துக்கே வந்த மாதிரி தெருவெல்லாம் பேச்சு.

அதே வருஷம்தான் நானும் சுவரும் காலேஜ் சேர்ந்தோம்.

சுவரு

பொறியியல் கவுன்சலிங்கில் ஸ்போர்ட்ஸ் கோட்டான்னு தனி ரேங்க் லிஸ்ட் உண்டுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இன்னிக்கு அதுல 500 சீட். சுவரு கையில இருந்தது குடியரசு தின விளையாட்டுப் போட்டி சர்டிபிகேட்தான், லிஸ்ட்ல மேல வரலை. ஆனா கோட்டாவுக்கு வெளியில இன்னொரு சந்தை இருக்கு. காலேஜ் கோச்சுங்க மைதானம் மைதானமா ஆள் தேடி வருவாங்க. அப்படி வந்த ஒருத்தர் இவனைப் பார்த்துட்டு வீட்டுக்கே வந்தார். சீட் ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீ, ரெண்டு முட்டை எக்ஸ்ட்ரா. நான் பேங்க் லோன் போட்டு அதே காலேஜ்.

"இன்னாடா, அவ்ளோ படிச்ச உனுக்கு கடன். எனுக்கு ஃப்ரீயா?"ன்னு சிரிச்சான்.

மூணு வருஷம் நான் கத்தினேன், அவன் குதிச்சான். காலையில அஞ்சு மணிக்கு பிராக்டிஸ், மதியம் லேப்ல தூக்கம், அரியர் ஏழு. பல்கலைக்கழக டீமுக்குப் போய் அகில இந்திய போட்டியில மூணாவது இடம் வந்தாங்க. அடுத்த அட்மிஷன் சீசன்ல காலேஜ் பஸ் பின்னாடி அவன் படம். எகிறி அடிக்கற போஸ். அந்த பஸ் எங்க ஊர் வரைக்கும் வரும். அவங்க அம்மா கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கறப்போ எதிர்ல மகன் படம் போகும். அவ்வளவு சந்தோஷம் அவங்களுக்கு. அந்தப் படத்துக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு எனக்கு அன்னிக்குக் கேக்கத் தோணவே இல்லை. ரசிகனாச்சே!

2017ல் ஒரு பிளாக் முடிச்சு இறங்கறப்போ முட்டி திரும்பிடுச்சு. லிகமெண்ட் கட். ஆபரேஷன் செலவுக்கு அவங்க அம்மா கம்மல் போச்சு. நாலாவது வருஷம் காலேஜ்ல கூப்பிட்டு, டீம்ல இல்லாதவனுக்கு ஃப்ரீ கிடையாது, ஃபீஸ் கட்டுன்னாங்க. எழுத்துல எதுவும் இல்லை. எல்லாம் வாய் வார்த்தை.

இதோட முடிஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்லை. ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு விதி இருக்கு. நடப்பு நிதியாண்டிலும் அதுக்கு முந்தின ரெண்டு நிதியாண்டிலும் சாதிச்சதுதான் செல்லும். வயசு 25க்கு மேல போகக் கூடாது. பிஸ்கட் பாக்கெட் மாதிரி சர்டிபிகேட்டுக்கும் எக்ஸ்பயரி தேதி. சுவரு முட்டி தேறி மறுபடி குதிக்க ஆரம்பிச்சது 2019 கடைசியில். அதுக்குள்ள அந்த மூணாவது இடம் செல்லாக்காசு. புதுசா ஒண்ணு வாங்கலாம்னா 2020ல் ஊரையே பூட்டிட்டாங்க.

நடுவுல தொழில்முறை லீக்குகளும் வந்தாச்சு. 2014 புரோ கபடி முதல் ஏலத்துல உச்ச விலை 12.8 லட்சம், ரயில்வேக்காரர் ராகேஷ் குமாருக்கு. 2023ல் பவன் ஷெராவத்துக்கு 2.605 கோடி. நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்து 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடிக்குப் போனார். வாலிபாலில் 2021 ஏலத்தின் உச்சம் 15 லட்சம். எல்லாம் நல்லதுதான், நானும் டி.வி. முன்னாடி கத்தறேன். தமிழ்நாடு அரசு வேலைகளிலும் இப்போ விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு. ஆனா இது எல்லாமே மேல ஏறி முடிச்சவனுக்கு. பதினெட்டு வயசுக்கும் அந்த வேலைக்கும் நடுவுல ஒரு நாலஞ்சு வருஷம் இருக்கு பாருங்க, அங்க முட்டி போனா அது யார் கணக்கு?

அமெரிக்காவில் அந்தப் பெரிய காலேஜ்கள் 2015லயே ஒரு விதி போட்டுட்டாங்க. ஆட்டத்தைக் காரணம் காட்டி ஸ்காலர்ஷிப்பைப் பிடுங்கக் கூடாதுன்னு. கோடி டாலர் எல்லாம் நமக்கு வேணாம். இந்த ஒரு வரியை எழுத்துல குடுத்தாப் போதும்.

சுவரு இப்போ சிப்காட்ல ஒரு ஷூ கம்பெனி சூப்பர்வைசர். சாயங்காலம் மைதானத்துல பசங்களுக்குச் சொல்லித் தர்றான், காசு வாங்கறதில்லை. பொங்கலுக்குப் போயிருந்தப்போ ஒரு கோச் கார்ல வந்து இறங்கினார். பதினேழு வயசுப் பையன் ஒருத்தனைக் காட்டி, சீட் ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீன்னு ஆரம்பிச்சார். சுவரு பந்தைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு கேட்டான்.

"முட்டி போச்சுன்னா ஃபீஸ் யாரு சார் கட்டறது?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி."

"எனுக்கும் அப்பிடித்தான் சார் சொன்னாங்க. எழுதிக் குடுங்க."

எழுதித் தரலை. யோசிச்சு சொல்றேன்னு காருல ஏறிட்டார். அந்தப் பையன் முகம் விழுந்துபோச்சு. சுவரைப் பார்த்து முறைச்சுட்டு செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான். மறுநாள் சாயங்காலம் வந்தானான்னு போன் போட்டுக் கேட்டேன். வந்தானாம்.

டிஸ்கி: உங்க காலேஜ்லயும் ஒரு சுவரு இருந்திருப்பான். அவன் இப்போ என்ன பண்றான்னு தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க. பேர் வேணாம்.