ஒரு நாளைக்கு ஏன் 24 மணி நேரம்?



என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த ஒரு பெண், இப்போது அவளே இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "டீச்சர், பூமி ஏன் 24 மணி நேரத்துல ஒரு சுத்து சுத்துது? 20, 30ன்னு ஏன் இல்ல? பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா." குரல் பதிவில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

24 என்பது நிலையான எண் இல்லை, கண்ணுகளா. ஒரு காலத்தில் 22 மணியாக இருந்தது. அதற்கும் முன்னால் இன்னும் குறைவு. இன்றைக்கும் நாள் நீண்டுகொண்டுதான் இருக்கிறது. இதை மனிதர்கள் கண்டுபிடிக்க 170 வருடம் ஆயிற்று. அந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

1695இல் எட்மண்ட் ஹாலி (வால்நட்சத்திரத்துக்குப் பெயர் வந்ததே இவரால்தான்) பழங்காலத்துக் கிரகணக் குறிப்புகளைத் தன் காலத்துக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கணக்கு உதைத்தது. நிலா முன்பைவிட வேகமாக ஓடுவதுபோல் தெரிந்தது. 1787இல் பிரான்ஸின் லாப்லாஸ் அதற்குக் காரணம் சொன்னார். பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் வடிவம் மெதுவாக மாறுகிறது, அதனால்தான் என்றார். அவர் போட்ட விடை அப்படியே பொருந்தியது. விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

1853இல் இங்கிலாந்தின் ஜான் ஆடம்ஸ் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டார். லாப்லாஸ் சில சிறிய அளவுகளை விட்டிருந்தார். அவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய பாதிதான் தேறியது. பாரிஸில் கொந்தளிப்பு! நெப்டியூனை முதலில் கணித்தது யார் என்று இரண்டு நாட்டுக்கும் ஏற்கெனவே சண்டை. அதில் இங்கிலாந்து தரப்பில் பேசப்பட்ட ஆளே இந்த ஆடம்ஸ்தான். அவர் வந்து லாப்லாஸைத் திருத்துவதா? அந்த நேரத்தில் சார்ல் தெலோனே என்ற பிரெஞ்சுக்காரர், தன் சொந்த முறையில் தனியாகக் கணக்குப் போட்டார். ஆடம்ஸின் விடைதான் வந்தது. சொந்த ஊர்ப் பெரியவர்கள் எதிர்த்தும் அதைச் சொல்லவே செய்தார். எனக்கு இந்த மனிதர் மேல் தனி மரியாதை உண்டு.

அப்படியானால் மீதிப் பாதி எங்கிருந்து வந்தது? 1865இல் தெலோனேயே சொன்னார்: அந்த மீதி வேகம் நிலாவுடையது இல்லை; பூமியின் சுழற்சிதான் மெதுவாகிறது. நம் கடிகாரம் மெதுவாக ஓடினால் வெளியே நடப்பதெல்லாம் வேகமாகத்தானே தெரியும்! இதே எண்ணத்தை 1754லேயே இம்மானுவேல் கான்ட் எழுதியிருந்தார். அப்போது அவருக்கு 30 வயது. பல வருடம் வீட்டு வாத்தியார் வேலை பார்த்தவர். உள்ளூர் வாரப் பத்திரிகையில் வந்த அந்தக் கட்டுரையை யாரும் கண்டுகொள்ளவில்லை. (வாத்தியார் சொன்னால் யார் கேட்கிறார்கள்?)

பூமியை மெதுவாக்குவது எது? கடல்தான். நிலா இழுப்பதால் கடல் மேலெழும்புகிறது. பூமி நிலாவைவிட வேகமாகச் சுற்றுவதால் அந்த மேட்டைச் சற்று முன்னால் இழுத்துப் போய்விடுகிறது. நிலா அதைப் பின்னால் பிடித்து இழுக்கிறது. சுற்றும் சைக்கிள் சக்கரத்தில் விரலை லேசாக வைத்தது மாதிரி. பூமி இழக்கும் சுழற்சி நிலாவுக்குப் போய்ச் சேர்கிறது. அதனால் நிலா விலகிப் போகிறது. அப்பல்லோ வீரர்கள் அங்கே வைத்த கண்ணாடிகளில் லேசர் அடித்து அளக்கிறார்கள்: வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர்.

நாள் நீளுவதோ, நூறு வருடத்துக்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. இதைப் போய் எப்படிப் பிடிப்பது? கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழு சூரிய கிரகணம். அங்கிருந்தவர்கள் அதைக் களிமண் பலகையில் எழுதி வைத்தார்கள். பலகை இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூமி எப்போதும் இதே வேகத்தில் சுற்றியிருந்தால் அந்தக் கிரகணம் பாபிலோனில் முழுதாகத் தெரிந்திருக்கவே முடியாது. நிழல் வெகுதூரம் மேற்கே, மத்தியதரைக் கடலின் மறுகோடிப் பக்கம் விழுந்திருக்கும். வித்தியாசம் சுமார் மூன்றேகால் மணி நேரம். ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட நாட்கள், நாளுக்கு சராசரியாக வினாடியில் அறுபதில் ஒரு பங்கு என்று பெருக்கிப் பாருங்கள். பென்சிலை எடுங்கள், சும்மா படித்துவிட்டுப் போகாதீர்கள்!

இன்னும் பழைய சாட்சியும் உண்டு. பவளம் தினமும் ஒரு மெல்லிய கோடு வளரும். 1963இல் ஜான் வெல்ஸ் என்ற அமெரிக்கர் சுமார் 38 கோடி வருடப் பழமையான பவளப் புதைபடிவங்களில் ஒரு வருடத்துக்குரிய கோடுகளை எண்ணினார். ஏறக்குறைய 400! அப்படியென்றால் அன்று ஒரு நாள் 22 மணிதான்.

சரி, முதலில் சுற்றிவிட்டது யார்? பூமி உருவானபோது வந்து மோதிய பாறைகள்தான். கடைசிப் பெரிய மோதலில் செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் மோதி, சிதறியதிலிருந்து நிலா பிறந்தது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. 1975இல் ஹார்ட்மன், டேவிஸ் இருவரும் இதை முன்வைத்தார்கள். அப்போது ஒரு நாள் ஐந்து மணி அளவில்தான் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். அச்சு சாய்ந்ததற்கும் அந்த மோதலையே காரணமாகச் சொல்கிறார்கள். இன்று சாய்வு 23.4 டிகிரி. நிலா பக்கத்தில் இருப்பதால் இது ஒன்றிரண்டு டிகிரிக்குமேல் ஆடுவதில்லை. அப்படிப் பெரிய நிலா இல்லாத செவ்வாயின் சாய்வு பல பத்து டிகிரி அலைந்திருக்கிறது.

பதிவு நீண்டுவிட்டது. சாய்வையும் பருவங்களையும் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். பெருக்கல் விடையைக் கீழே போடுங்கள். பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள்.