எச்சரிக்கை ரிலே: அமைப்பும் வரலாறும்

வெப்பநிலை, அழுத்தம், தொட்டியின் திரவ மட்டம் முதலியவற்றை அளக்கும் தொழிற்சாலைக் கருவிகளில், அளவு வரம்பை மீறியதும் மணியை ஒலிக்கச் செய்யும் அல்லது விளக்கை எரியச் செய்யும் மின் சாவியே எச்சரிக்கை ரிலே ஆகும். இது மிகச் சிறிய உறுப்புதான். ஆயினும் இதை அமைப்பதில் நேரும் பிழை ஓர் ஆலையையே அழிக்கக்கூடும் என்பதை வரலாறு காட்டுகிறது.

தோற்றம்

1835ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி, ஒரு சிறு மின்னோட்டத்தால் மின்காந்தம் ஒன்றை இயக்கி, அதன் மூலம் வேறொரு பெரிய மின்சுற்றைக் கட்டுப்படுத்திக் காட்டினார். இதுவே ரிலேயின் தொடக்கம். தந்தித் துறை இதனை விரைவில் பயன்படுத்திக்கொண்டது.

பாதுகாப்புக்கு ரிலேயைப் பயன்படுத்தும் முறைக்கு வழிகாட்டியது இரயில்வே. 1872இல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் மூடிய தண்டவாளச் சுற்றுக்குக் காப்புரிமை பெற்றார். பாதை காலியாக இருக்கும்போது தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் ரிலேயை இழுத்துப் பிடித்திருக்கும். இரயில் வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் மின்சாரத்தைக் குறுக்கே கடத்திவிடும். உடனே ரிலே விடுபட்டு, கைகாட்டி ஆபத்தைக் காட்டும். தண்டவாளம் முறிந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும் இதே விளைவுதான். பழுது ஏற்பட்டால் அந்தப் பழுதே எச்சரிக்கையாக மாறிவிடுகிறது.

அமைக்கும் முறை

ஆலைக் கருவியில் ரிலேயை அமைப்பவர் முக்கியமாக நான்கு முடிவுகளை எடுக்க வேண்டும்.

முதலாவது, வரம்பு. தொட்டி 80 விழுக்காடு நிரம்பியதும் ஒலிக்க வேண்டுமா, 90 விழுக்காட்டிலா என்பது, ஒலி கேட்ட பிறகு செயல்பட எவ்வளவு நேரம் தேவை என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது, விடுபடும் இடைவெளி. 80இல் ஒலிக்கத் தொடங்கிய அலாரம் 78க்கு இறங்கிய பிறகே நிற்குமாறு அமைப்பர். இல்லையெனில் திரவம் சற்றே அலைபாயும்போதெல்லாம் மணி விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, தாமதம். ஒரு நொடி வந்து மறையும் ஏற்றத்தைப் பொருட்படுத்தாமல், சில நொடிகள் நீடித்தால் மட்டும் ஒலிக்கச் செய்யலாம்.

நான்காவது, ஓய்வு நிலை. இயல்பான நேரத்தில் ரிலேயில் மின்சாரம் ஓட வேண்டுமா, கூடாதா? ராபின்சனின் வழியில் ஓடுமாறு அமைத்தால், கம்பி அறுந்தாலும் எச்சரிக்கை கிடைக்கும்.

அலாரப் பெருக்கு

முற்காலத்தில் ஒவ்வோர் அலாரத்துக்கும் தனிக் கம்பியும் தனி விளக்கும் தேவைப்பட்டன. செலவு மிகுந்ததால், அவசியமானவற்றை மட்டுமே வைத்தனர். 1975 முதல் கணினி வழிக் கட்டுப்பாட்டு அமைப்புகள் விற்பனைக்கு வந்தன. அதன்பின் திரையில் ஓர் எண்ணைப் பதிந்தாலே புதிய அலாரம் உருவானது. அலாரங்கள் பல மடங்கு பெருகின.

இதன் விளைவு 1994 ஜூலை 24 அன்று வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவனில் இருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் தெரிந்தது. காலையில் மின்னல் தாக்கியதால் தொடங்கிய கோளாறு, பிற்பகலில் வெடிப்பில் முடிந்தது. 26 பேர் காயமடைந்தனர். வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களுக்குள் இரண்டு இயக்குநர்கள் முன் 275 அலாரங்கள் குவிந்தன. பெரும்பாலானவை உயர் முன்னுரிமை பெற்றவையாகவே காட்டப்பட்டதால், எதை முதலில் கவனிப்பது என்று தெரியவில்லை.

1999இல் பிரிட்டனில் 'ஈமுவா 191' என்ற வழிகாட்டி வெளியானது. இயக்குநர் செய்ய வேண்டிய செயல் எதுவும் இல்லாவிட்டால் அது அலாரமே அன்று என்பது இதன் சாரம். இயல்பான இயக்கத்தில் ஓர் இயக்குநருக்கு 10 நிமிடங்களுக்கு ஒன்றுக்கு மேல் அலாரம் வராதிருப்பதே நல்லது என்றும் அது கூறியது.

ஒலிக்காத அலாரம்

2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் இதற்கு நேர்மாறானது நடந்தது. 912ஆம் எண் தொட்டியில் பெட்ரோல் நிரம்பிக்கொண்டிருந்தபோது, மட்டம் காட்டும் கருவி அதிகாலை 3 மணியளவில் ஒரே அளவில் சிக்கி நின்றது. அந்தக் கருவியின் அளவை நம்பியிருந்த அலாரங்கள் எல்லாம் மௌனமாயின. தனியாக வைக்கப்பட்டிருந்த உயர்மட்டச் சாவியும் இயங்கவில்லை. அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் நிறுத்தும் சிறு பூட்டு மாட்டப்படவில்லை என்பதே காரணம். பெட்ரோல் வழிந்து ஆவியாகப் பரவி, காலை 6 மணிக்குப் பின் வெடித்தது. 43 பேர் காயமடைந்தனர். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையாக இருந்ததால் உயிரிழப்பு நேரவில்லை.

இன்றைய நிலை

அலாரங்களை அமைப்பது, சோதிப்பது, தேவையற்றவற்றை நீக்குவது ஆகியவற்றுக்கு 2009இல் அமெரிக்காவிலும் 2014இல் பன்னாட்டு அளவிலும் தரவிதிகள் வெளியாயின. ஒரே கருவியை நம்பிப் பல அலாரங்களை வைப்பது பல பாதுகாப்பு ஆகாது. அக்கருவி பழுதானால் அத்தனையும் ஒருசேரப் பேச்சிழக்கும். கருவியில் எண்ணைப் பதிந்ததோடு அமைப்பவரின் பணி முடிவதில்லை. கம்பி அறுந்தால் மணி ஒலிக்கிறதா, ஒலித்தால் யார் என்ன செய்வார் என்று சோதித்துப் பார்த்த பிறகே அது முழுமை பெறுகிறது.