பானெட் மின்னுது... கைப்பிடிக் குழி மட்டும் ஏன் மங்கலா இருக்கு? வளைவுகளில் மெஷின் பாலிஷ் போடுவது எப்படி?

பாலிஷ் போட்டு வந்த காரில் பானெட்டும் ரூஃபும் கண்ணாடி மாதிரி மின்னும். ஆனா, கதவுக் கைப்பிடிக்குப் பின்னாடி இருக்குற குழி, சைடு மிரர் கவர், பம்பர் முனை... இங்கெல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க. நகக் கீறலும் வட்ட வட்டமான மெல்லிய கோடுகளும் பல நேரம் அப்படியே இருக்கும். பெரிய பேடு அங்கே சரியா பதியாது. வம்படியா அழுத்தினா, பெயின்ட்டே போயிடும்!

பெயின்ட் அவ்வளவு மெலிசா?

கம்பெனி பெயின்ட்டின் எல்லா அடுக்குகளையும் சேர்த்தாலே, பெரும்பாலான கார்களில் சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். மேலே இருக்குற கிளியர் கோட் 40 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். தலைமுடியைவிட மெலிசு! பாலிஷ் கீறலை நிரப்புறது இல்லை. சுத்தி இருக்குற கிளியர் கோட்டைத் தேய்ச்சு சமமாக்குது. தேய்ஞ்சது திரும்ப வளராது மக்களே!

வளைவில் என்ன சிக்கல்?

சமதளத்தில் பேடு முழுசா பதியும். அழுத்தமும் சூடும் பரவிடும். வளைவில் பேடின் ஒரு சின்னப் பகுதி மட்டும்தான் படும். மொத்த அழுத்தமும் அங்கேயே இறங்கும். அதிலும் மடிப்பு, விளிம்புகளில் பெயின்ட் சீக்கிரம் தேயும். பம்பரும் மிரர் கவரும் பிளாஸ்டிக் என்பதால், சூடு பரவாமல் ஒரே இடத்தில் தேங்கும். சாதாரண பெயின்ட் தடிமன் மீட்டரும் பிளாஸ்டிக்கில் வேலை செய்யாது. எவ்வளவு மிச்சம் இருக்குன்னே தெரியாமல்தான் தேய்க்கணும்.

எப்படிச் செய்யணும்?

* முதல்ல காரை நல்லா கழுவிக் காய வைங்க. ஒரு மணல் துகள் போதும், புதுக் கீறல் விழ!

* விளிம்பு, ரப்பர் பீடிங், மடிப்புக் கோடு எல்லாத்துக்கும் மாஸ்க்கிங் டேப் ஒட்டுங்க.

* பானெட்டுக்கு 5 இன்ச் பேடுன்னா, மிரருக்கும் பம்பர் முனைக்கும் 1 முதல் 3 இன்ச் போதும். மெத்துன்னு இருக்குற ஃபோம் பேடு வளைவோடு வளையும்.

* புதுசா பழகுறவங்க ரோட்டரியைத் தவிர்த்து, டூயல் ஆக்‌ஷன் மெஷினை எடுங்க. வளைவில் இது சில நேரம் சுழலாமல் வெறுமனே அதிரும். பேடு மாட்டுற பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் கோடு போட்டு வெச்சா, சுத்துதா நிக்குதான்னு தெரிஞ்சுடும். நின்னா, அழுத்தத்தைக் குறைங்க.

* வேகம் குறைவா வைங்க. மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தாதீங்க. அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பைத் தாண்டினா, ஆற விடணும்.

* பேடு நுழையாத கைப்பிடிக் குழிக்கு மெஷினே வேண்டாம். ஃபோம் அப்ளிகேட்டரில் துளி பாலிஷ் தொட்டு, விரலால் பொறுமையா தேய்ச்சாலே ஓரளவு மறையும்.

எப்போ நிறுத்தணும்?

நகம் மாட்டுற அளவுக்கு ஆழமான கீறலைப் பாலிஷில் முழுசா எடுக்க ஆசைப்படாதீங்க. மங்கலாகிட்டாலே வெற்றிதான். கிளியர் கோட் கிழிஞ்சா, அந்த பாகத்துக்கே ரீபெயின்ட் அடிக்கணும்.

கடையில் விடுறவங்க, 'மிரருக்கும் கைப்பிடிக்கும் என்ன சைஸ் பேடு போடுவீங்க?'ன்னு கேட்டுப் பாருங்க. 'எல்லாத்துக்கும் ஒரே பேடுதான்'னு பதில் வந்தா, சாவியைக் கொடுக்காதீங்க பாஸ்!