பொம்மையும் பிழைப்பும்

பெங்களூர் அல்சூரில் எங்கள் எதிர் வீட்டில் வாழ்பவர், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இந்நகரிலேயே வேரூன்றிவிட்ட ஒரு தமிழன்பர். சென்ற திங்கள் ஒருநாள் மாலை என்னிடம் வந்து, "சார், பொம்மையை நகர்த்தி நகர்த்திப் படம் பிடிக்கிற இடத்தில் என் மகள் வேலைக்குச் சேரப் போகிறாளாம். அங்கே மொத்தமே எட்டுப் பேர். இதெல்லாம் ஒரு வேலையா?" என்று வினவினார். மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளனாகக் காலங்கழிக்கும் எனக்கு இத்தொழிலில் பயிற்சி இல்லை. எனினும் இதன் வரலாற்றைச் சிறிது படித்தவனாதலின், அவரிடம் கூறியவற்றையே உங்களுக்கும் கூற விழைகின்றேன்.

'ஸ்டாப் மோஷன்' என்பது இதன் பெயர். பொம்மையை இம்மியளவு நகர்த்தி ஒரு படம் எடுப்பர். மீண்டும் இம்மியளவு நகர்த்தி மற்றொரு படம். திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு நிலையையும் இருமுறை பதிந்தாலும், ஒரு நிமிடக் காட்சிக்குப் பொம்மையை 720 நிலைகளில் நிறுத்தியாக வேண்டும். இடையில் எவரேனும் மேசையை இடித்துவிட்டால் அன்றைய உழைப்பு வீண்!

இஃது அயல்நாட்டார் விளையாட்டு என்று எண்ணுவோர் உளர். நம் நாட்டுத் திரைப்படத்தின் பிறப்போ இத்தகைய பொறுமையோடு பிணைந்தது. 1912-இல் இலண்டனிலிருந்து காமிராவுடன் திரும்பிய தாதாசாகேப் பால்கேயிடம் படமெடுக்கப் பணம் இல்லை. கடன் கொடுப்பாரும் இல்லை. அவர் ஒரு தொட்டியில் பட்டாணியை ஊன்றி, அதன் எதிரே காமிராவை நிறுத்தி, நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். ஒரு திங்களுக்கு மேற்பட்ட வளர்ச்சி, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் திரையில் நிகழ்ந்தது. அதனைக் கண்டு வியந்தவர்கள் கடன் கொடுக்க முன்வந்தனர். 1913-இல் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளிவந்தது. துணைவியார் சரஸ்வதிபாய் தம் நகைகளையும் ஈந்து, படச்சுருளில் துளையிடும் பணியையும் செய்தார். எட்டுப் பேர் நிலையத்தைச் சிறிது என்போர் இக்குடும்பத்தை என்னென்பர்?

செடி தானே வளர்ந்தது. பால்கே அதனை நகர்த்தவில்லை. ஆதலின் அதனை முழுமையான பொம்மைப் படம் எனல் பொருந்தாது. அவர் தீக்குச்சிகளைக் கையால் நகர்த்தி ஆடச்செய்த படம் 1915-இல் தோன்றியது. 'ஆக்காட்யாஞ்சி மௌஜ்' என்பது அதன் மராத்திப் பெயர். உலகப் போரினால் முடை மிகுந்திருந்த காலம் அது. தீக்குச்சிகள் ஊதியம் கேட்பதில்லை அல்லவா?

அதே 1915-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'டெக்னிகலர்' நிறுவனம் தோன்றிற்று. வண்ணப் படங்களால் உலகப் புகழ் எய்திய அப்பெயரைத் தாங்கிய நிறுவனம், பிற்காலத்தில் பெங்களூரிலும் பெரியதொரு கிளை அமைத்தது. கணிப்பொறி வழியே அயல்நாட்டுப் படங்களுக்குக் காட்சிகள் அமைப்பது அதன் பணி. அங்கு இடம் கிடைத்த பிள்ளைகளின் பெற்றோர் இனிக் கவலையில்லை என்று எண்ணியிருப்பர். 2025 பிப்ரவரியில் அந்நிறுவனம் நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. இந்தியாவில் ஆயிரக்கணக்கானோர் சில நாட்களில் வேலையிழந்தனர். நண்பர் இதனைக் கேட்டதும் நெடுநேரம் வாய் திறக்கவில்லை.

சிறிய நிலையத்தில் இடர் இல்லை என்று நான் சொல்லவில்லை. இத்தகையோர் பலர்க்கும் சோறு போடுவது விளம்பரப் படங்களே. மும்பையில் சுரேஷ் எரியாட்டின் நிலையம் உருவாக்கி, 2017-ஆம் ஆண்டிற்குரிய தேசியத் திரைப்பட விருது பெற்ற 'டோக்ரி' என்னும் பொம்மைக் குறும்படம் பல ஆண்டு உழைப்பின் விளைவு. விருது அரிசி வாங்கித் தருமா என்று நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானதே.

ஆதலின் அப்பெண்ணை அழைத்துச் சில வினாக்களை எழுதிக் கொடுத்தேன். விளம்பரப் பணி வாராத திங்களிலும் ஊதியம் உண்டா? பொம்மையின் உள்ளே வைக்கும் கம்பிச் சட்டகம் செய்யவும், விளக்கொளி அமைக்கவும் கற்பிப்பார்களா? படத்தின் இறுதியில் அவள் பெயர் இடம்பெறுமா? பின் இரண்டிற்கும் 'ஆம்' என்று விடை கொணர்ந்தாள். முதல் வினாவைக் கேட்க நாணியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை அவளுடன் தாமே சென்று கேட்டு வருவதாகத் தந்தையார் சொல்லியிருக்கிறார்.