எழுத்தும் உலாவியும்

ஓலையில் எழுத்தின் வடிவை எழுதுவோன் கை வகுத்தது. அச்சில் ஈய அச்சு வகுத்தது. கணினித் திரையிலோ, படிப்போரின் கருவியே அதனை வகுக்கிறது. 1990களின் பிற்பகுதியில் தமிழ்ப் பக்கங்களைத் திறந்தோர் இதனை நேரிற் கண்டனர்.

பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் நடைதாளுக்கு 1996 டிசம்பரில் பொதுவிதி பிறந்தது. ஆயினும் 1997இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் நெட்ஸ்கேப்பும், பக்கத்தோடு எழுத்துருவை அனுப்புவதில் வெவ்வேறு கோப்புமுறைகளைக் கொண்டன. இரண்டிலும் தமிழ் தெரியவேண்டுமாயின் ஓர் எழுத்துருவை இருவகையாக ஆக்கி வைக்கவேண்டியதாயிற்று. எழுத்துரு வந்து சேராவிடின், சென்னையில் எழுதியது ஈப்போவில் உரோமன் எழுத்தும் குறியும் கலந்த குழப்பமாகவே தோன்றிற்று.

காரணம் யாது? உரோமன் குறிகளுக்குரிய எண்களை எழுத்துருக்கள் தத்தம் போக்கில் தமிழுக்கு வழங்கியமையே. 1999இல் சென்னை மாநாடு தாம், தாப் என்னும் தரங்களை வகுத்தது. புலம்பெயர்ந்தோர் முயற்சியால் திஸ்கியும் எழுந்தது. 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிகோடு, பின்னர் உலாவிகள் அனைத்திலும் வேரூன்றியது. 2012இல் பொது எழுத்துருக் கோப்புமுறையும் ஏற்கப்பட்டது.

இதன் படிப்பினை தமிழாசிரியர் அறிந்ததே. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் துதிக்கை போன்ற கொம்புடன் எழுதப்பட்ட லையும், இன்றைய லையும் ஒரே எழுத்து; யூனிகோட்டிலும் இரண்டுக்கும் குறியீடு ஒன்றே. வடிவு எழுத்துருவுக்கு உரியது. அடையாளம் மொழிக்கு உரியது. இவ்விரண்டையும் பிரித்தறிந்த பின்னரே தமிழ் எல்லாத் திரையிலும் தமிழாக நின்றது.