ஆய்வகத்தில் பிறந்த வியூ, சந்தையில் பிறந்த ப்ரொசீஜர்

வங்கி, காப்பீடு, சம்பளப் பட்டியல் என்று கொஞ்சம் வயதான மென்பொருள் எதைத் திறந்தாலும், தரவுத்தளத்துக்குள் டேபிள்களோடு இன்னும் இரண்டு வகை ஆட்கள் குடியிருப்பார்கள். ஒன்று வியூ, மற்றது ஸ்டோர்டு ப்ரொசீஜர் (அலுவலகப் பேச்சில் 'எஸ்.பி.'). இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்துவிடுவதால் உடன்பிறப்புகள் என்றே பலர் நினைக்கிறார்கள். பிறந்த இடம், காலம், காரணம் மூன்றும் வேறு. ஒன்றுக்கு நல்ல பெயரும் மற்றதற்குப் பாதிக் கெட்ட பெயரும் வந்ததற்கு அந்தப் பிறப்புதான் காரணம் என்பது என் எண்ணம்.

வியூவின் பூர்வீகம் கலிஃபோர்னியாவின் சான் ஓசே. ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் 1970-ல் எழுதிய கட்டுரைதான் ரிலேஷனல் தரவுத்தளத்துக்கு அடித்தளம். தரவு வட்டில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற தலைவலி அதைப் பயன்படுத்துகிறவருக்கு வரக்கூடாது என்பது அவருடைய கவலை. அதே ஆய்வகத்தில் 'சிஸ்டம் ஆர்' என்ற பரிசோதனைத் தரவுத்தளம் உருவானபோது, டொனால்ட் சேம்பர்லின், ஜிம் கிரே, இர்விங் டிரெய்கர் மூவரும் 1975-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வியூ, அனுமதி, பூட்டு என்று மூன்று விஷயங்களை அது சேர்த்தே பேசியது. யார் எதைப் பார்க்கலாம் என்ற கேள்வி அப்போதிருந்தே வியூவோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

அதே ஆண்டில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 'இங்க்ரஸ்' தரவுத்தளத்தை உருவாக்கிக்கொண்டிருந்த மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், வியூவை எப்படி இயக்குவது என்பதற்கு அழகான வழி ஒன்றைச் சொன்னார். ஊழியர் டேபிளில் பெயர், துறை, சேர்ந்த ஆண்டு, சம்பளம் இருக்கின்றன என்று வையுங்கள். சம்பளத்தை விட்டுவிட்டு, கணக்குத் துறை ஆட்களை மட்டும் காட்டும் ஒரு வியூ எழுதுகிறோம். அந்த வியூவில் ஒரு வரித் தரவுகூடக் கிடையாது. சேமிக்கப்படுவது கேள்வி மட்டுமே. குமாஸ்தா அந்த வியூவிடம் '2020-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் யார்?' என்று கேட்டால், தரவுத்தளம் அவர் நிபந்தனையையும் வியூவின் நிபந்தனையையும் கோத்து ஒரே கேள்வியாக்கி டேபிளிடம் போகிறது. டேபிளைத் தொடக் குமாஸ்தாவுக்கு அனுமதியே இல்லை. பதில் மட்டும் வந்துவிடும். பெர்க்லி வம்சத்தில் வந்த போஸ்ட்கிரெஸ் இன்றும் வியூவைக் கேள்வியை மாற்றி எழுதும் ஒரு விதியாகத்தான் உள்ளே வைத்திருக்கிறது.

பார்ப்பதில் சிக்கல் இல்லை, எழுதுவதில்தான். கணக்குத் துறை வியூ வழியாக ஒருவரின் துறையை 'விற்பனை' என்று மாற்றினால், மாற்றிய மறு நொடியே அந்த வரி வியூவிலிருந்து காணாமல் போகும். இதைத் தடுக்கத்தான் 'செக் ஆப்ஷன்' வந்தது. துறைவாரியாகச் சம்பளத்தைக் கூட்டிக் காட்டும் வியூவில் மொத்தத்தை ஆயிரம் ரூபாய் ஏற்று என்றால், யார் சம்பளத்தை ஏற்றுவது? காட் 1985-ல் வகுத்த புகழ்பெற்ற விதிகளில் ஆறாவது, கோட்பாட்டளவில் திருத்தக்கூடிய வியூ எல்லாவற்றையும் தரவுத்தளமே திருத்தித் தரவேண்டும் என்கிறது. நாம் அன்றாடம் புழங்கும் தரவுத்தளங்கள் அந்த விதியை முழுதாக நிறைவேற்றுவதில்லை.

ஆனாலும் வியூவுக்கு ஒரு நல்வாய்ப்பு அமைந்தது. விற்பனைப் போட்டி சூடுபிடிக்கும் முன்பே அதன் வடிவம் முடிவாகிவிட்டது. 1986-ல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு எஸ்.க்யூ.எல். மொழியை ஏற்றபோது வியூவும் அதற்குள் இருந்தது. இன்று ஆரக்கிள் தரவுத்தளத்தில் எழுதிய சாதாரண வியூவைச் சில சொற்களை மட்டும் மாற்றி போஸ்ட்கிரெஸில் ஓட்டலாம்.

ப்ரொசீஜர் கதை வேறு. 1984-ல் மார்க் ஹாஃப்மன், பாப் எப்ஸ்டீன் தொடங்கிய சைபேஸ் நிறுவனம் 1987-ல் தன் எஸ்.க்யூ.எல். சர்வரோடு அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மேசைக் கணினிகள் நெட்வொர்க் வழியாக சர்வரோடு பேசத் தொடங்கியிருந்த காலம். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்ற வேண்டுமானால் இருப்பைப் பார்க்க ஒரு பயணம், கழிக்க ஒன்று, கூட்ட ஒன்று, பதிவேட்டில் எழுத ஒன்று. அத்தனை நேரமும் அந்த வரிகள் பூட்டில் கிடக்கும். வரிசையில் மற்றவர்கள் காத்திருப்பார்கள். நாலு படியையும் சர்வருக்குள்ளேயே ஒரு பெயரில் எழுதி வைத்துவிட்டால் ஒரே அழைப்பில் வேலை முடியும். எந்த வழியில் தரவைத் தேடுவது என்ற திட்டத்தையும் சர்வர் நினைவில் வைத்திருக்கும். டேபிளுக்கு அனுமதி தராமல், அந்தப் ப்ரொசீஜரை ஓட்ட மட்டும் அனுமதி தரலாம்.

அருமையான யோசனை என்பதால் எல்லோரும் பின்பற்றினார்கள், அவரவர் மொழியில். சைபேஸுடையது டிரான்ஸாக்ட்-எஸ்.க்யூ.எல்.; கூட்டாளியாகச் சேர்ந்த மைக்ரோசாஃப்ட் பிரிந்த பிறகும் அதையே வைத்துக்கொண்டது. ஆரக்கிள், அடா மொழியின் சாயலில் பி.எல்./எஸ்.க்யூ.எல். உருவாக்கி, 1992-ல் வந்த ஏழாம் பதிப்பில் ப்ரொசீஜர்களைத் தரவுத்தளத்துக்குள்ளேயே சேமிக்க வைத்தது. ப்ரொசீஜருக்கான பொதுத் தரம் 1996-ல் வந்துசேர்ந்தபோது ஊரெல்லாம் வீடு கட்டி முடித்துவிட்டார்கள். வரைபடம் யாருக்கு வேண்டும்?

விளைவை, ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயரும் நாளில்தான் உணரமுடியும். ஆரக்கிள் ப்ரொசீஜர்களை 'பேக்கேஜ்' என்று கட்டி வைக்கும். போஸ்ட்கிரெஸில் அந்தக் கட்டே கிடையாது. ஆரக்கிளுக்கு வெற்றுச் சரமும், மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் 'நல்'லும் ஒன்று, போஸ்ட்கிரெஸுக்கு வேறு. எழுத்துப் பிழை போலத் தோன்றும் இந்த வித்தியாசம், பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் கணக்கைத் தப்பாக்கும்.

இதற்கிடையே மைஎஸ்க்யூஎல் 2005-ல் வெளியான 5.0 பதிப்பு வரை வியூ, ப்ரொசீஜர் இரண்டும் இல்லாமலே இணையத்தின் பெரும்பகுதியைச் சுமந்தது. அதில் தொழில் கற்ற தலைமுறை, விதிகளையெல்லாம் நிரலிலேயே எழுதிப் பழகிவிட்டது. ப்ரொசீஜர் என்றாலே முகம் சுளிப்பவர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள்தான். சரி தவறைவிட, பழக்கம்தான் இதில் அதிகம்.

வியூ மட்டும் மேலே மேலே போனது. விடையையும் சேர்த்தே சேமிக்கும் 'மெட்டீரியலைஸ்டு வியூ' 1999-ல் ஆரக்கிள் 8ஐ-யில் வந்தது, போஸ்ட்கிரெஸுக்கு 2013-ல். போஸ்ட்கிரெஸில் புதுப்பிக்கச் சொல்லாதவரை அது பழைய விடையையே காட்டும் என்பதை மறந்து, காலையில் முந்தாநாள் கணக்கை மேலதிகாரிக்கு அனுப்புகிறவர்கள் உண்டு.

புதிதாக ஒரு தரவுத்தளம் அமைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வியூவைத் தாராளமாக எழுதுங்கள்; வியூவின் மேல் வியூ, அதன் மேல் வியூ என்று ஐந்து மாடி மட்டும் கட்டாதீர்கள். பணம் கைமாறுவது போல, பாதியில் நிற்கக்கூடாத வேலைக்கு ப்ரொசீஜர் எழுதத் தயங்க வேண்டாம். எழுதியதை மற்ற நிரலோடு சேர்த்து, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்'டில் போட்டு வையுங்கள். சர்வருக்குள் மட்டும் இருக்கும் ப்ரொசீஜரை யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்று பிறகு சொல்வது கடினம்.